வினோஜன் பெயரில் இருந்த கேம்கள்

நாகலெட்சுமி ஸ்டூலை இழுத்து ரிப்பேர் கடைக்காரரின் மேசைக்கு முன்னாலேயே போட்டு உட்கார்ந்தாள். ஹட்டனில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் உள்ளே இருக்கும் சாமானை மாற்றிவிடுவார்கள் என்று தோட்டத்து லயத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.

மூன்று நாளாகக் கேம் பெட்டியில் ஒன்றும் திறக்கவில்லை. மகள் ரஜிதா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

கடைக்காரர் பெட்டியை டிவியில் மாட்டினார். திரையில் ‘வினோஜன்’ என்ற பெயர் வந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

“இது யாரும்மா, வினோஜன்?”

வாங்கும்போதே இருந்த பெயர் அது. கொட்டகலை ஸ்டேஷனில் யாரோ ஒருவனிடம் பில் இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்தார் புருஷன். களவுச் சாமான் என்று பிடுங்கிக்கொண்டால் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

“எந்தம்பிண்ணே. வெளிநாட்டுலருந்து புதுசா வாங்கியாந்து குடுத்தான்.”

அவர் பார்வை சுவரில் மாலை போட்டு, சிவப்பு பல்ப் எரிந்த ஒரு படத்துக்குப் போய்த் திரும்பியது.

“தம்பி நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்கான்ணே.”

அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கவே இல்லை. ஸ்க்ரூ ஆணிகளைக் கழற்றினார். ஏழு என்று அவள் எண்ணி வைத்துக்கொண்டாள். மணி காட்டும் சின்ன பேட்டரிதான் செத்திருந்தது; அது செத்தால் கேம் திறக்காதாம். அதை மாற்றிவிட்டு, பென்டிரைவைச் செருகி எதையோ கொப்பி எடுத்தார்.

லைசென்ஸ் ஃபைல் என்றார். கேமெல்லாம் வினோஜன் பெயரில் வாங்கியவையாம். பழைய மெஷின் என்பதால் கம்பனி இனி புதிதாகத் தராதாம்.

“அந்தப் பேர மட்டும் அழிச்சிறாதீங்கம்மா. அழிச்சா எல்லாம் போயிரும்.”

பென்டிரைவ் அவருடைய சட்டைப் பைக்குள் போனது. களவாணி, பிள்ளையின் கேமை எடுத்து விற்கப்போகிறான் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. காசு வேண்டாம் என்றபோது சந்தேகம் இன்னும் கூடியது. சும்மா வேலை செய்கிறவன் இந்த பஜாரில் ஏது?

நாளைக்கு ஆளைப் பிடிக்க வேண்டுமே என்று அடம்பிடித்துப் பில் எழுதி வாங்கினாள்.

வீடு திரும்பும் டயகம பஸ்ஸில் உட்கார்ந்து ஆணிகளைத் தடவிப் பார்த்தாள். ஏழும் இருந்தன. பிறகு பில்லை விரித்தாள்.

மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் ஓடி ஏறியதில் அதன் போர்டை அவள் பார்த்திருக்கவில்லை. பில்லின் மேலே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: வினோஜன் எலக்ட்ரோனிக்ஸ்.

பிள்ளையின் பெயரில்தானே எல்லோரும் கடை வைக்கிறார்கள். மாலை போட்ட அந்தப் படத்தில் இருந்தது சாமி இல்லை, ஒரு பையன் என்பது நாகலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் அவளுடைய பெயரைக் கேட்டிருக்கவில்லை. பெயர் எழுதும் கோட்டில், ‘வினோஜனின் அக்கா’ என்று எழுதியிருந்தார்.