இரைச்சல் நீக்கப்பட்டது

"ஐயா, உங்க காதுல கோளாறா, எங்க கம்ப்யூட்டர்ல கோளாறா? கணீர்னு கேக்குது, இதைப் போய் வேண்டாங்கறீங்களே!"

நூலகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவைக் கவனிக்கும் அந்தப் பெண்ணுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. எதிரே ஹெட்போனைக் கழற்றி வைத்தவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர்த் தொழிலாளர்களின் அனுபவங்களை நூலகம் சேகரித்தபோது, அவர் வீட்டுக்கே போய்ப் பேச வைத்துப் பதிவு செய்திருந்தார்கள்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா போன வாரம் வந்து கேட்டேனே, அது இது இல்ல. எனக்கு அது வேணும்."

"அது பூரா இரைச்சல் ஐயா! ராப்பகலா உக்காந்து சுத்தம் பண்ணியிருக்கேன். பழசையெல்லாம் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அழிக்கணும். சர்வர்ல இடமில்ல. ஒரு பதிவுக்கு ஒரு கோப்புதான்னு தலைமை நூலகர் உத்தரவு."

"என்னோடதை மட்டும் விட்டுடுங்களேன்."

"எதுக்கு?"

அவர் மோட்டுவளையைப் பார்த்தார். "அதுல... என் குரல் கொஞ்சம் கம்பீரமா இருந்துச்சு."

"உங்க குரலை நான் தொடவே இல்லையே!"

"அப்ப, கிரேன் விஷயம் ஏதோ விட்டுப்போச்சு."

"ஒரு வார்த்தை விடல. கம்பி அறுந்தது, இருபது கோதுமை மூட்டை கடல்ல விழுந்தது, மேனேஜர் தையத்தக்கான்னு குதிச்சது, எல்லாம் இருக்கு!"

"சரி, ஒரு காப்பியாவது போட்டுக் குடுங்க."

"அழிக்கச் சொன்னதை வெளிய குடுக்க எனக்கு அதிகாரமில்ல. ஏன் ஐயா என் உயிரை வாங்குறீங்க?"

மனிதர் நகர்வதாயில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இப்படியும் ஒரு பிடிவாதமா! வரிசையில் பின்னால் நின்றவர்கள் வேறு உச்சுக் கொட்டினார்கள். அவளுக்குப் பொறுமை போயே போய்விட்டது.

"நீங்களே கேளுங்க. கேட்டுட்டு, பத்திரமா வச்சுக்கற அளவுக்கு இதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க!"

பழைய கோப்பை ஸ்பீக்கரிலேயே போட்டாள். கிரேன்காரர் பேச ஆரம்பிப்பதற்குள் எங்கோ பாத்திரம் உருண்டது. அதற்கும் மேலே ஒரு பெண் குரல்.

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா?... அளக்காதீங்க, விழுந்தது ரெண்டே மூட்டை!... பேசினது போதும், மாத்திரை போட்டாச்சா இல்லையா?"

கிரேன்காரர் ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

அவள் பட்டென்று நிறுத்தினாள். "பாத்தீங்களா? உங்களை ஒரு வாக்கியம் முழுசாப் பேச விட்டாங்களா? இந்தம்மா வாயை மூடவே மாட்டாங்களா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து நானும் அவளை அதைத்தாம்மா கேட்டுக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். "போன மாசம் மூடிட்டா."