நீல மூடி டிரம்

"மூளியைச் சிவப்புக்கு மாத்திடலாம்ங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

வைக்கோலை உதறிக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து முறைத்தார்.

"கையை வெச்சுப் பாரு, நான் பொல்லாதவனாயிடுவேன். டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நீலக் கயிறு கட்டின மாட்டுக்கு நீல மூடி டிரம். சிவப்புக் கயிறுக்குச் சிவப்பு மூடி. அவ்வளவுதான்."

கொட்டகையில் இருந்தவை இரண்டே மாடுகள். பாதிக் காது இல்லாததால் ஒன்றின் பெயர் மூளி. பக்கத்தில் போகிறவர்களை எல்லாம் உதைப்பதால் மற்றது சண்டைக்காரி. இரண்டும் சினை. மூளிக்கு நீலக் கயிறு, சண்டைக்காரிக்குச் சிவப்பு.

சுற்றுவட்டாரத்தில் கொஞ்ச காலமாகவே மாடுகளுக்குச் சினை கலைந்துகொண்டிருந்தது. கன்று இல்லையென்றால் பால் இல்லை. பலர் கொட்டகையைக் காலி செய்துவிட்டு வேறு பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள். ஆராய்ச்சி நிலையத்து மாட்டு டாக்டரம்மா அதற்கு ஒரு மருந்துப் பொடி கண்டுபிடித்திருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க, மாடு வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இரண்டிரண்டு டிரம் இறக்கிவிட்டுப் போனார். ஒன்றில் மருந்து கலந்த தவிடு, மற்றதில் வெறும் தவிடு. எதில் எது என்று சோதனை முடியும்வரை அவருக்கே சொல்ல மாட்டார்களாம்.

"அவங்களுக்குத் தெரியலைன்னா என்ன, எனக்குத் தெரியும்" என்றாள் மனைவி. "வண்டி ஆளுங்க சிவப்பு டிரம்மை ரெண்டு கையால அலுங்காம இறக்கினாங்க. நீலத்தைக் காலால தள்ளினாங்க. நீங்களும்தானே பாத்தீங்க? மருந்தை யாராவது காலால தள்ளுவாங்களா?"

"பெரிய துப்பறியும் புலி!"

"மூளிக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை கலைஞ்சிருச்சுங்க. இதுவும் போச்சுன்னா..."

"போச்சுன்னா வித்துட வேண்டியதுதான். கன்னு போடாத மாட்டைக் கட்டி வெச்சு அழகு பாக்கவா முடியும்?"

கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே அவள் சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடைசியில் கலைந்தது சண்டைக்காரிக்கு. மூளி சுகமாக ஒரு கிடேரிக் கன்று போட்டது. அதற்காவது இரண்டு காதும் முழுசாக இருந்தன. ஆனால் வீட்டுக்காரிக்கு மட்டும் சந்தோஷமாகச் சிரிக்க முடியவில்லை. சண்டைக்காரியின் முகத்தைப் பார்க்கவே கூசினாள். அது உதைத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டாள்.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா வந்தார். வாசலிலேயே குரல் கொடுத்தார்.

"அக்கா, ஜெயிச்சிட்டோம்! இன்னிக்குத்தான் எது எதுன்னு சொன்னாங்க. நீலம்தான் மருந்து! நீலம் தின்ன மாடுங்கதான் அதிகமா நல்லபடியா கன்னு போட்டிருக்கு. நாளைக்கு நிலையத்துக்குப் பணம் தர்றவங்க கூட்டம். இதைக் காட்டினா போதும், எல்லாக் கொட்டகைக்கும் மருந்து கிடைக்க வழி பண்ணிடலாம்."

அவள் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீலமா மருந்து? அப்போ எல்லாமே தப்பு, டாக்டரம்மா. சிவப்புதான் மருந்துன்னு நெனச்சு, ஆரம்பத்துலயே ரெண்டு மூடியையும் மாத்திப் போட்டுட்டேன். சந்தேகம் வரக்கூடாதுன்னு டிரம்மையும் இடம் மாத்தி வெச்சேன். மூளி தின்னது வெறும் தவிடு. மருந்தைத் தின்ன மாட்டுக்குத்தான் கலைஞ்சு போச்சு."

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்க வீட்டு முடிவு அப்படியே தலைகீழாயிடுச்சே, அக்கா. ஒரு வீட்ல மாத்தியிருந்தா மத்த வீட்ல மாத்தலைன்னு என்ன நிச்சயம்னு கேப்பாங்க. மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு யார் பணம் தருவாங்க?"

"வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். மனசு கேக்கலை. உதவாத மருந்தை நம்பி நாலு பேர் மாடு வீணாப் போனா அந்தப் பாவம் யாருக்கு?"

டாக்டரம்மா நேராகக் கொட்டகை மூலைக்குப் போய்க் காலி டிரம்களை மூடியோடு கவிழ்த்தார்.

"மூடி எப்படியும் மாறிடும்னு பயந்துதான் அடியிலயும் பெயிண்ட்ல ஒரு பொட்டு வெச்சேன்."

நீல மூடி டிரம்மின் அடியில் நீலப் பொட்டு. சிவப்பு மூடி டிரம்மின் அடியில் சிவப்புப் பொட்டு. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாறவே இல்லையே, அக்கா! வெச்ச மாதிரியே இருக்கு. மூளி தின்னது மருந்துதான்."

"என் கையால மாத்தினேன், டாக்டரம்மா! கனவா கண்டேன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். கணவர் மூளியின் பாதிக் காதைச் சொறிந்துவிட்டபடி, கூரைத் தகரத்தில் ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று வெகு கவனமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றார். பிறகு குரல் தானாக இறங்கியது. "டிரம் வந்த மறுநாள், இவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்போ... நானும்தான் மாத்தினேன்."