ஸ்டார்ட் ஆகிற வண்டி

“கதவை நல்லா இழுத்துச் சாத்துங்க சார். குளிர் உள்ளே வந்தா பாப்பா முழிச்சுக்குவா.”

ஆர்லின் கதவைச் சாத்திவிட்டுக் கையுறைகளைக் கழற்றினார். விரல்கள் மரத்துப் போயிருந்தன. வடக்கு டகோட்டாவின் ஜனவரிப் பனிக்காற்றில், நடுவழியில் அவருடைய பழைய பிக்கப் வண்டி உயிரை விட்டுவிட்டது. ஹீட்டரும் இல்லாமல், போனில் சிக்னலும் இல்லாமல் உள்ளேயே ஒடுங்கிக் கிடந்தார். சாலையில் ஈ காக்கை இல்லை. கடைசியில் இந்தக் கார்தான் வந்து நின்றது.

ஓட்டி வந்தவள் பெயர் ஷெல்பி. சின்னப் பெண். பின்சீட்டில் கைக்குழந்தை தூங்கியது. பிறவியிலேயே நெஞ்சில் கோளாறாம். வாராவாரம் பிஸ்மார்க் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், இப்போதும் அங்கிருந்துதான் திரும்புவதாகச் சொன்னாள்.

“இந்தக் குளிர்ல வண்டி மக்கர் பண்ணலையா?” என்றார் ஆர்லின்.

“ஒரு நாள்கூட இல்ல. சாவியைத் திருப்பினாப் போதும்.”

பிரேக் எப்படி, பேட்டரி தாங்குகிறதா என்று அவர் விடாமல் கேட்கவும், மெக்கானிக்கா என்று சிரித்தாள். இல்லை, கோதுமை விவசாயி என்றார்.

வண்டி கிடைத்த கதையை அவளே சொன்னாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பஸ் வராத ஊர். சபையில் உதவி கேட்டிருக்கிறாள். பக்கத்து ஊர்ச் சபைக்கு யாரோ காணிக்கையாகக் கொடுத்தது என்று பாஸ்டர் சாவியைக் கையில் வைத்தாராம். கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லையாம்.

“நெஜத்தைச் சொல்லட்டுமா சார்? எனக்கு நம்பிக்கையே இல்ல. சர்ச்சுக்குன்னா சனங்க எதைக் கொடுப்பாங்க? தேதி முடிஞ்ச டின்னு, கால் ஒடஞ்ச சோபா. வீட்ல கழிச்சுப் போட்டதுதான் கர்த்தருக்கு. இதையும் தள்ளித்தான் ஓட்டணும்னு நெனச்சேன்.”

ஆர்லின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆனா இதைக் கொடுத்த மனுஷன் வேற மாதிரி. தனக்குன்னு வச்சுக்க வேண்டியதைக் கொடுத்திருக்கார். தெனமும் அவருக்காக ஜெபம் பண்றேன்.”

ஆர்லின் திரும்பி, பின்சீட்டில் தூங்கும் குழந்தையைப் பார்த்தார்.

போகிற வழிதான் என்று அவரைப் பண்ணை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனாள். கதவைத் திறந்த மனைவி மாவிஸ், எவ்வளவு நேரமாய்த் தேடுவது என்று படபடத்தாள். பிக்கப் எங்கே என்று கேட்டாள். அப்புறம் அவள் பார்வை, பனிக்குள் மறைந்துகொண்டிருந்த காரின் மேல் போனது.

“ஏங்க, அது நம்ம காரு மாதிரி இல்ல?”

“நம்ம காருதான்.” ஆர்லின் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். “சர்ச்சுக்கு அந்தப் பிக்கப்பைத் தள்ளிவிட்டாப் போதும்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். நீதான் சண்டை போட்டு இந்தக் காரைக் கொடுக்க வச்ச, மகராசி. இல்லேன்னா இன்னிக்கு அந்த ரோட்டுல வெறச்சுக் கிடந்தது நானா இருந்திருக்காதுடி, அதை ஓட்டிட்டுப் போற பொண்ணோட சீக்காளிக் கைக்குழந்தையா இருந்திருக்கும்.”