தாரகையின் நெற்றி

அவர் பொட்டு வைப்பதை நிறுத்திவிட்டார்.

படக்கதையின் எட்டாம் பக்கம் வரை ஓவியர் சங்கரலிங்கம் வைத்துக்கொண்டுதான் வந்தார். அந்தப் பக்கத்தில் புயல்ராசா செத்துப்போனான். பள்ளிக்கூட பஸ்ஸைத் தூக்கிக் கரையேற்றியவன் மேல் பாலம் சரிந்து விழுந்தது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து அவன் மனைவி தாரகையின் நெற்றியை வெறுமனே விட்டார்.

அமெரிக்காவில் அவளை வரைந்தவன் பொட்டு வைக்கவில்லை. தொடைக்குக் கீழே துணியும் கொடுக்கவில்லை. சிவகாசியில் அந்தப் படக்கதைப் புத்தகங்களைத் தமிழில் போட ஆரம்பித்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார், நாலு பேர் இருக்கிற வீட்டுக்குள் கொண்டுபோகிற மாதிரி இருக்க வேண்டும் என்று. அன்றிலிருந்து அவளுக்குத் துணி கொடுத்துவருவது சங்கரலிங்கம்தான். கருப்பு மையால் காலை மூடுவார். சட்டைக் கையை முழங்கை வரை இழுத்துவிடுவார். கடைசியாக நெற்றியில் ஒரு புள்ளி.

அதோடு அவள் நம் ஊர்ப் பெண். மாடிக்கு மாடி பறந்தாலும் யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

இப்போது புருஷன் போய்விட்டான். அவர் முதலாளியிடம் கேட்கக்கூட இல்லை. கேட்க என்ன இருக்கிறது. கை தானாக நின்றுவிட்டது.

வீட்டு முன்னறையில், அவருக்கு எதிரே, மகள் செண்பகவல்லி வசனம் ஒட்டிக்கொண்டிருந்தாள். பேச்சுப் பலூன்களில் இருக்கிற ஆங்கிலத்தை வெள்ளையடித்துவிட்டு, அச்சடித்து வந்த தமிழ் வரிகளைக் கத்தரித்து அதன் மேல் ஒட்ட வேண்டும். தை மாதம் அவள் புருஷனை லாரி அடித்துப் போட்டது. அதன்பிறகு பிறந்த வீட்டுக்கு வந்தவள். பேச்சு குறைந்துவிட்டது. வேலையில் மட்டும் ஒரு பிசகு இருக்காது.

ஒன்பதாம் பக்கத்தை எடுத்தவள் கீழே வைக்கவில்லை.

"அப்பா, இதுல பொட்டக் காணோம்."

"அவன்தான் போயிட்டானே தாயி."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவளுக்கு இன்னும் தெரியாதேப்பா" என்றாள். "வீட்டுல காப்பி போட்டுக்கிட்டு இருக்கா. சேதி பதினொண்ணாம் பக்கத்துலதான் வருது."

வாங்கிப் பார்த்தார். மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. தாரகை ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் வந்துவிடுவான் என்று. அவளுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இவர் அவளை அறுதலியாக்கிவிட்டார். இத்தனை வருஷம் தூரிகை பிடித்தவருக்கு இப்படி ஒரு தப்பு வருமா. அவசரமாக ஒரு புள்ளி வைத்தார். அடுத்த பக்கத்திலும் வைத்தார்.

செண்பகவல்லி பதினொன்றாம் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க யாருப்பா வந்து அழிச்சது?"

படத்தில் யாரும் வரவில்லை. ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். தாரகை அவரைப் பார்க்கிறாள். அடுத்த கட்டத்தில் ஜன்னல் திறந்து கிடக்கிறது. அதற்கடுத்த கட்டத்தில் அவள் மேகத்துக்கு மேலே போய்விட்டாள். அங்கே அத்தைமார் இல்லை, பதினாறாம் நாள் இல்லை.



செண்பகவல்லிக்கு அழித்தது சங்கரலிங்கத்தின் அக்கா. ஈரத்துணியால், அழுத்தி. துணி நெற்றிக்குப் போகும்போது இவள் ஒரு தடவை தலையைத் திருப்பி அவரைத் தேடினாள். கதவோரம் நின்றிருந்தவர், பந்தல்காரனிடம் என்னவோ சொல்ல வேண்டியதுபோல வெளியே நடந்துவிட்டார். சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

தூரிகையை மையில் தோய்த்தார்.

பதினொன்றில் வைத்தார். பன்னிரண்டில் வைத்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற கட்டத்திலும் வைத்தார். முதலாளி கத்தினால் கத்தட்டும். படிக்கிறவர்கள் ஊர் ஊராகக் கார்டு எழுதிப் போட்டுக் கேட்கட்டும்.

கடைசிப் பக்கம் முழுக்கத் தாரகையின் முகம் மட்டும்தான். அதை மகள் பக்கம் தள்ளினார். தூரிகையையும் நீட்டினார்.

"நீ வை."

வாங்கிக்கொண்டாள். படத்தின் மேல் குனிந்தாள். வைக்கவில்லை.

எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். அங்கே அவர் சவரம் செய்கிற கண்ணாடி ஆணியில் தொங்கியது. அதன் முன்னால் நின்றாள். அவருக்கு அவள் முதுகும் உயர்ந்த முழங்கையும் மட்டும் தெரிந்தன.

திரும்பியபோது நெற்றியில் இருந்தது. கருப்பாக, ஈரமாக.

அது படம் வரைகிற மை. காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. நாளைக்குத் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போவாள். நாலு பேர் பார்ப்பார்கள். அக்கா காதுக்குப் போகும், அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள்.

செண்பகவல்லி நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோணலா இருக்கு" என்றார்.

அவள் கை நெற்றிக்குப் போனது.

"தொடாத. கலஞ்சிரும்."

எழுந்து அருகில் போனார். தூரிகையை வாங்கினார். ஒரு விரலால் அவள் தாடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்.