ஒட்டடைக்குச்சிக்குப் பயிற்சி

"இந்த வாரமும் அந்த ஒட்டடைக்குச்சியத்தான் இறக்கியிருக்கியா?"

பில் போடும் அக்கா சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் கேட்டார்.

"ஆமாக்கா. பையன் ஆடினாத்தானே வளருவான்" என்றார் வெல்டர்.

அந்தக் கார் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரமென்றால் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கூடைப்பந்து டீம். எல்லாம் ஆன்லைன் விளையாட்டு. ஆள் எடுப்பது, பயிற்சி கொடுப்பது, யாரை இறக்குவது என்று முடிவு செய்வது, இவ்வளவுதான் நம் வேலை. மேட்ச்சைக் கம்ப்யூட்டரே ஆடிவிடும். அக்கா, வெல்டர், பெயின்டர், டிங்கர் நாலு பேரும், முகம் தெரியாத இன்னும் சிலரும் ஒரே லீக். சீசன் முடிவில் கடைசி இரண்டு இடத்தில் நிற்கும் டீம்கள் கீழ் லீக்குக்குப் போக வேண்டும்.

போன சீசன் கப் வாங்கிய வெல்டரின் டீம் இப்போது விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் ஒட்டடைக்குச்சி. ஏழடி உயரம், மீசை அரும்பும் வயசு, ஊதினால் விழுகிற உடம்பு. கூடைக்கு அடியில் நின்று பந்தைப் பிடிக்க வேண்டிய சென்டர். பிடித்ததைவிட விட்டதுதான் அதிகம். பயிற்சி ஏற வேண்டுமானால் மேட்ச் முழுக்க அவனையே ஆடவிட வேண்டும். ஆடவிட்டால் மேட்ச் கையை விட்டுப் போய்விடும்.

"அனுபவமுள்ள சென்டர் பெஞ்சுல உட்கார்ந்து கொட்டாவி விடறான். அவனை இறக்குங்கண்ணே" என்றார் பெயின்டர்.

"அவனுக்கு வயசாயிடுச்சுப்பா."

"உங்களுக்கும்தான் வயசாச்சு. முதலாளி உங்களை வீட்டுக்கா அனுப்பிட்டாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். வெல்டரும் சிரித்தார். ஆனால் ஆளை மாற்றவில்லை.

"தலைக்கனம். கப் வாங்கினவங்களுக்கெல்லாம் இப்படித்தான் ஏறும்" என்று டிங்கர் அக்காவின் காதைக் கடித்தார்.

கடைசி மேட்ச். ஜெயித்தால் வெல்டர் தப்பிப்பார். நாலு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து ஒட்டடைக்குச்சிக்கு என்ன வந்ததோ, வந்த பந்தையெல்லாம் பிடித்தான். வெல்டருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பயப்படாதே, ஜெயிச்சிடுவே" என்று அக்கா தைரியம் சொன்னார்.

கடைசி நொடியில் பையன் போட்ட பந்து வளையத்தைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோல்வி.

வெல்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா கேட்டாத்தானே. இனி தெரியாதவங்களோட தனியா ஆடு" என்றார் அக்கா. கோபத்தில் சொன்னாரே தவிர, அவருக்கும் வருத்தம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனார். அதே பட்டறை ஆள். மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு மாசக்கணக்கில் படுக்கையில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் எல்லாரும் பூங்கொத்துப் படம் அனுப்பியிருந்தார்கள். அக்காவும் அனுப்பியிருந்தார். நேரில் போக மட்டும் வேளை வரவில்லை.

கதவைத் திறந்த அவர் மனைவி முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கக்கா. ரெண்டு நாளாத்தான் மனுஷன் வாயைத் திறந்து பேசறாரு."

உள்ளே கட்டுப் போட்ட காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியன் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, விஷயம் தெரியுமா? வெல்டர் என் லீக்குல வந்து விழுந்துட்டான்."

"நீ கீழ் லீக்குலயா இருக்கே?"

"ஆஸ்பத்திரியில கிடந்தப்போ டீமை யார் பார்த்தா? அது பாட்டுக்குக் கீழ போயிடுச்சு. முகம் தெரியாதவங்களோட ஆடி என்னக்கா ருசி? கிண்டல் பண்ணக்கூட ஆளில்லை. விட்டுடலாம்னே இருந்தேன். நல்ல வேளையா இவன் வந்து மாட்டினான். முதல் மேட்ச்சே எங்க ரெண்டு பேருக்கும்தான்."

"சும்மா தட்டிடுவே. அவன்கிட்ட இருக்கறது அந்த ஒட்டடைக்குச்சிதானே."

"தப்பா எடை போடாதீங்கக்கா. ஒரு சீசன் முழுக்க ஆடி நல்லாத் தேறிட்டான். இந்த லீக்குல அவனைத் தாண்டிப் பந்து எடுக்க ஒருத்தனும் இல்லை. அவனை எப்படி மடக்கறதுன்னுதான் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"ஏதோ ஒரு யோசனை தோணிடுச்சுன்னு என்கிட்ட சொல்றதுக்கு நேத்து ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படி வரைக்கும் நடந்தே வந்துட்டாருக்கா. டாக்டர் சொல்லியும் நடக்காதவரு" என்றார் மனைவி.

மறுநாள் அக்கா வெல்டரைத் தனியே பிடித்தார்.

"வேணும்னேதானே தோத்தே?"

வெல்டர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"சும்மா தோத்தா எலக்ட்ரீஷியன் கண்டுபிடிச்சிடுவான்கா. பையனை வளர்க்கறேன்னு சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. அதோட, கீழ போறப்போ நல்ல சென்டரோட போகணும். நோஞ்சான் டீமோட போய் நின்னா, பரிதாபப்பட்டு வந்தேன்னு நினைப்பான். அவனுக்கு இப்போ சண்டை போட ஆள் வேணும்."

"கடைசி மேட்ச்சுல முகம் வெளுத்துச்சே..."

"பாவி, ஜெயிச்சுக் கொடுத்துடுவானோன்னு பயந்துட்டேன்கா. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

எலக்ட்ரீஷியனிடம் அக்கா சொல்லவில்லை. மற்ற இரண்டு பேரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புது சீசனின் முதல் வாரம். பெயின்டர் தோற்றார். டிங்கர் தோற்றார். இருவர் டீமிலும் பந்து பிடிக்கத் தெரியாத நெட்டைப் பையன்கள் முளைத்திருந்தார்கள்.

கீழே போக இருப்பதோ இரண்டே இடம்.

அக்கா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சுக்கா?" என்றார் பெயின்டர்.

"நான் ஜெயிச்சுத் தொலைச்சுட்டேன்டா."