அனுப்ப ஆளில்லாத அலை

பதுளை பஸ் நிலையச் சோதனைச் சாவடியில், கான்ஸ்டபிள் அலவி, பஸ் ஏற வந்த தேவதாசனின் பெட்டியில் இருந்த காகிதச் சுருளை விரிக்கிறார். மழை வெளிச்சத்தில், தாளில் நடுங்கலாக ஓடும் ஒரு கோடு, நடுவில் மட்டும் ஒரு மேடு; ஓரத்தில் 'ரேடியோ' என்ற எழுத்து. "இது யார்ட ரேடியோ?" என்கிறார். "யாரும் பேசலைங்க. அகச்சிவப்பு ஒளியில பிரகாசமா இருக்கிற தூரத்து விண்மீன் மண்டலம். அங்க உள்ள வாயு ரேடியோ அலையைத் தானாவே பெருக்குது. மேசர்னு பேரு. வெளிநாட்டுல ரேடியோ தொலைநோக்கி வச்சு அதைத்தான் தேடுறேன்." அனுப்ப ஆளில்லாமல் அலை எப்படி வரும்? அலவியின் விரல் அந்த மேட்டில் அழுந்துகிறது. தேவதாசனின் மனைவி மரியகொரட்டி பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இது அதுதானா?" என்கிறார் அலவி. "எனக்கே சந்தேகந்தாங்க. தொலைநோக்கிக்குப் பக்கத்து ராடாராவும் இருக்கலாம். மறுபடி பார்க்கணும்." பொய் சொல்பவன் தன்னையே இப்படிச் சந்தேகிக்க மாட்டான் என்று அலவிக்குத் தோன்றுகிறது. சுருளைச் சுற்றிக் கொடுக்கிறார். ஆனாலும் அவர்கள் ஏறிய பஸ் வளைவில் மறையும்வரை கண்ணை எடுப்பதில்லை.