பாதியில் நின்ற அப்டேட்

லோகப்பிரியாவின் படத்தில் சந்தன மாலை தொங்கியது. அதற்கு நேர் கீழே, அலமாரித் தட்டில், சர்வர் பெட்டி செத்துக் கிடந்தது. தீபக் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிங்காநல்லூரில் இந்த வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியை வைத்துக் கொடுத்தவன் அவன்தான். பாலுசாமி, அவர் மனைவி நாச்சியம்மாள், மகன் மனோஜ்குமார், மகள் லோகப்பிரியா என்று நாலு பேர் போனிலும் ஆப் போட்டுவிட்டான். "யாரு எங்க போட்டோ எடுத்தாலும் தானா இதுல வந்து உக்காந்துக்குமுங்க. எங்க எடுத்ததுன்னு மேப்புலயே காட்டும்" என்று அன்றைக்குப் பெருமை வேறு பேசினான்.

"பாப்பாவுக்கு என்னாச்சுங்கய்யா?"

"காரியம் முடிச்சு மூணு மாசம் ஆச்சுங்க தம்பி." பட்டறையில் நாற்பது பேரை வேலை வாங்குகிற பாலுசாமி, மகள் படத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்பயிருந்து இதுவும் ஓடறதில்லை. எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடுங்க."

தீபக் லேப்டாப்பைத் திறந்து இணைத்தான். 'பராமரிப்பு நடக்கிறது' என்ற ஒரே வரியோடு சர்வர் நின்றிருந்தது. உள்ளே போய்ப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது.

"அப்டேட் ஓடிட்டிருக்கறப்பவே நின்னிருக்குதுங்க. யூபிஎஸ் இருக்குது, கரண்டு போயிருக்காது. யாரோ ஒயரைப் புடுங்கிப்போட்டாங்க. பாதி புதுசு, பாதி பழசுன்னு குழம்பிக் கெடக்குது."

பாலுசாமி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"பாப்பா போட்டோவெல்லாம் டிஸ்க்குல பத்திரமா இருக்குதுங்கய்யா. பத்தே நிமிஷத்துல பென்டிரைவுல எடுத்துக் குடுத்தர்றேன்."

"பழசு வேண்டாமுங்க. இது முன்ன மாதிரி ஓடோணும். அவ்வளவுதான்."

துக்கத்தில் இருப்பவரிடம் ஏன் எதற்கு என்று கேட்பது மரியாதையில்லை. தீபக் வேலையைத் தொடங்கினான்.

பாலுசாமி போன் பேச வாசலுக்குப் போன நேரம், நாச்சியம்மாள் காப்பியோடு வந்தார். டம்ளரை வைத்தவர் நிமிரவில்லை.

"ஒயரைப் புடுங்குனது நாந்தான் கண்ணு" என்றார், குரல் வெளியே கேட்காமல். "இது சரியாகாதுன்னு சொல்லிப்போடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பெற்ற மகளின் முகத்தை இனிமேல் பார்க்கத் தாங்காதென்றுதான் இப்படிச் சொல்கிறார் என்று தீபக் நினைத்தான். "இன்னைக்கு வலிக்குமுங்கம்மா. நாளைக்கு நீங்களே பாக்கோணும்னு தவிப்பீங்க" என்றான். முடியாது என்று பொய் சொல்ல அவனுடைய தொழில் கர்வமும் இடம் கொடுக்கவில்லை.

அந்தம்மா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே போய்விட்டார்.

அப்டேட்டில் தாண்டிக் குதிக்க முடியாது. பழைய பேக்கப்பை மீட்டு, ஒவ்வொரு வெர்ஷனாக, படிப்படியாகத்தான் ஏற வேண்டும். இரண்டு படியில் முட்டிக்கொண்டு நின்றது. மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து மல்லுக்கட்டினான். மூன்று மணிக்கு அந்த ஒற்றை வரி மறைந்து முகப்பு வந்தபோது அவனுக்கு அப்படியொரு நிறைவு.

அடுத்த நிமிஷமே படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கின. மூன்று மாதமாக ஒரு போனில் காத்துக் கிடந்தவை. போனுக்கு உரியவர் பெயர் லோகப்பிரியா என்றிருந்தது.

தீபக் ஒரு படத்தைத் திறந்தான். லோகப்பிரியாதான். கழுத்தில் மஞ்சள் கயிறு, பக்கத்தில் அவள் தோளில் கை போட்டபடி ஒல்லியாக ஒரு பையன், பின்னால் ஓட்டு வீடு. தேதி, நேற்று.

"ஐயா, பாப்பா உசுரோட இருக்காங்க." தீபக்குக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் கேட்காமலே மேப்பைத் தட்டினான். "மேட்டுப்பாளையமுங்க. இதா பாருங்க, தெருவே தெரியுது."

பாலுசாமி குனிந்து தெருப் பெயரை இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். பிறகு வாசலைப் பார்த்து மகனைக் கூப்பிட்டார். "மனோஜு, வண்டிய எடு. மாமன் ஊட்டுப் பசங்களையும் வரச் சொல்லு."

நாச்சியம்மாள் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷத்தில் அந்தம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை என்று நினைத்த தீபக், தானே எழுந்து, படத்தின் மாலையைக் கழற்றக் கையை நீட்டினான்.

பாலுசாமி அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"மால இருக்கட்டுமுங்க தம்பி."